எடுக்கக் கூடாத அழைப்பு

போன் கார்டின் பின்னால் சுரண்டி எடுத்த எண்களைப் பெயிண்டர் பார்க்காமலே அழுத்தினான். இந்த அட்டையின் சேவை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று பதிவுக்குரல் மறுபடியும் குழைந்தது. பின்னால் நின்ற வெல்டர் தன் கார்டைக் கொடுத்தான். அதற்கும் அதே குழைவுதான்.

முந்தின நாள் மத்தியானம் வேலை நடந்த கட்டடத்தில் சாரம் சரிந்து ஆட்கள் செத்துப்போயிருந்தார்கள். ஊரில் டிவியில் காட்டாமலா இருந்திருப்பார்கள்? விசாரணை முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாதென்று தொழிலாளர் முகாமின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பது இந்த ஒரு போன் பூத்துதான்.

ஊரில் பெயிண்டரின் வீட்டில் போன் கிடையாது. மாடியில் வீட்டுக்காரம்மாவிடம் இருந்தது. கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னால் அந்த அம்மா முகத்தை முழ நீளத்துக்கு வைத்துக்கொள்வாள். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவன் அந்தப் போனில் மூன்று முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவான். கீழே படுத்திருப்பவளுக்கு அது கேட்கும். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். முகாமில் பாதிப் பேர் இந்த வித்தையை அவனிடம்தான் கற்றுக்கொண்டார்கள். அவளுக்கு இப்போது நிறைமாதம். ரத்தக் கொதிப்பு ஏறினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் எழுந்திருக்கவே விடவில்லை.

"என்னிக்காவது மணி அடிக்கலேன்னா?" என்று ஒருமுறை கேட்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் இல்லேன்னு நினைச்சுக்கோ" என்று பெரிய வீரன் மாதிரி சிரித்து வைத்தான். அந்த நாக்கை இப்போது அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

கார்டில் இருந்த இலவச உதவி எண்ணுக்குப் போட்டான். தமிழுக்கு ஐந்தை அழுத்தியதும் ஒரு பெண் வந்தாள். ஒரே பூத்திலிருந்து நேற்று ஏகப்பட்ட கார்டுகளில் திரும்பத் திரும்பப் போட்டு, பேசாமலே வைத்திருக்கிறார்கள் என்றாள். திருட்டு எண்களைச் சோதிப்பவர்கள் இப்படித்தான் செய்வார்களாம். அதனால் அந்தப் பூத்தையே கம்பெனி தடுத்துவிட்டதாம். சரிபார்த்துத் திறக்க நாளை ஆகிவிடும்.

நேற்று லைன் கிடைக்காமல் முகாமே மாற்றி மாற்றிப் போட்டு, கிடைத்ததும் மூன்று மணி விட்டு வைத்ததை அவன் சொன்னான். சாரத்தைச் சொன்னான், வீட்டில் படுத்திருப்பவளைச் சொன்னான்.

"நான் பேசவே வேணாம்மா. உங்க போன்லேர்ந்து மூணு மணி மட்டும் அடிக்க விட்டு வெச்சிருங்க. அவ பொழைச்சுக்குவா."

"எங்களுக்கு அதுக்கு அனுமதி இல்லீங்க. இங்க பேசறது எல்லாம் பதிவாகுது." பிறகு குரலைத் தாழ்த்தாமல், உயர்த்தாமல், "புகார்ல எழுதணும். அந்த நம்பரை ஒரு தடவை சொல்லுங்க" என்றாள்.

ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். சரியாகவே சொன்னாள். லைன் அறுந்துவிட்டது.

புகாருக்குத்தான் கேட்டாளா? அப்படியே அடித்தாலும் மூன்றில் வைக்க வேண்டும், நாலாவது போய்விட்டால் வீட்டுக்காரம்மா எடுத்துவிடுவாள் என்று அழுத்திச் சொல்லாமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

"என்னண்ணே சொன்னா?" என்றான் வெல்டர்.

பெயிண்டர் பேசாதே என்று தலையை ஆட்டினான். செத்துப்போன ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறு கையில் சுண்ணாம்பு காய்ந்த விரல்களில் ஒன்றை மடக்கினான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றை. மூன்றாவது விரலை மடக்கத் தைரியம் வராமல் அப்படியே நின்றான்.