விற்பதற்கு ஒரு காரணம்

“ஏன் சார் விக்கிறீங்க?”

பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, செயினில் விரல் வைத்துத் தொய்வு பார்த்துக்கொண்டே கேட்டாள் விண்ணரசி. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருப்பவள். வலங்கைமானில் பஸ்ஸை விட்டு இறங்கியவளை அந்த வண்டியிலேயேதான் இளையபெருமாள் கூட்டிவந்திருந்தான். வந்ததிலிருந்து வண்டியை அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்த பார்வை, சினை மாட்டை அவன் பார்க்கும் பார்வையை ஒத்திருந்தது. அவன் குடவாசல் பக்கம் கால்நடை மருத்துவர்.

“முதுகு வலி” என்றான்.

பழைய வண்டி விற்கிறவன் உண்மையான காரணத்தைச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. அதுவும் இந்த மாதிரி உயரமான அட்வெஞ்சர் வண்டிகளை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் லடாக்குக்கு என்று வாங்கி, பால் பாக்கெட் வாங்கிவர ஓட்டுகிறவர்கள். ஒரு வருஷத்தில் தவணை கழுத்தை நெரிக்கும், வீட்டில் திட்டு விழும், கடைசியில் பழி முதுகின் மேல் போய் உட்காரும். விற்காமல் வைத்திருப்பவர்கள் அடுத்த வருஷம் கட்டாயம் போய்விடுவோம் என்று நம்புகிறவர்கள். இளையபெருமாள் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவன். தஞ்சாவூர்ச் சீமையில் மலை இல்லைதான். ஆனால் ஐப்பசி மழையில் நடு வயல் கொட்டகையில் கன்று போட முடியாமல் மாடு கிடந்தால், வாய்க்கால் கரைச் சேற்றில் உழுதுகொண்டு போக இந்த வண்டியால்தான் முடியும். மனசைத் தொட்டுச் சொன்னால் அது மட்டும் காரணமில்லை. அதில் ஏறி உட்கார்ந்தால் அவனுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். பிடித்ததை வைத்துக்கொள்ள ஒருவனுக்கு வேறு காரணம் எதற்கு?

பிடிக்காதவர்களும் இருந்தார்கள். காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் மேல்சாதிக்காரர்களின் குடித்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அவன் அப்பா ரெத்தினம் அந்தத் தெருவில் சைக்கிளை மிதித்ததே இல்லை, தள்ளிக்கொண்டுதான் போவார். இப்போது தள்ளு என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் கேஸ் ஆகிவிடும். ஆனால் இந்த வண்டியில் போகும்போது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களை மேலேயிருந்து பார்க்கும்படி ஆகிவிடுகிறது. அவன் என்ன செய்வான், சீட்டின் உயரம் அப்படி. நாற்காலிக்காரர்களுக்கு அது புரியாமலில்லை. அதே ஆட்கள் மாட்டுக்கு மடி வீங்கினால் போன் போட்டு, “டாக்டரு, சித்த வந்துட்டுப் போ” என்பார்கள். ஆடு பகை, குட்டி உறவு.

வண்டியோடு விட்டிருந்தால் ஏச்சுப் பேச்சோடு போயிருக்கும். போன ஆனியில் இளையபெருமாள் வாய்க்காலை ஒட்டி ஆறு மா, இரண்டு ஏக்கர் வரும், நஞ்சை வாங்கினான். சென்னையில் குடியேறிவிட்ட மிராசு வீட்டுப் பிள்ளைகள் விற்றது. பட்டா, பத்திரம் எல்லாம் சுத்தம். ஆனால் அதைப் பல வருஷமாக உழுது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து வயல் சாமிதுரை. எப்படியும் தன் மடியில்தான் விழும் என்று காத்திருந்தவர். அவர் கட்சியில் கிளைச் செயலாளர் வேறு. ஆட்சி மாறினால் அவர் வேட்டியின் கரை மாறும், வேட்டிக்குள் இருக்கும் ஆள் மாறமாட்டார். ஸ்டேஷனிலும் தாலுகா ஆபீசிலும் அவருக்கு எப்போதும் நாற்காலி உண்டு.

முதலில் மோட்டார் வயர் அறுந்தது. தை அறுவடை முடிந்ததும் வைக்கோல் போர் எரிந்தது. எலி கடித்திருக்கும், பீடி விழுந்திருக்கும் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒருநாள் டீக்கடையில் சாமிதுரை யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: “ஒசரமா ஒக்காந்துகிட்டு வேகமா போறவனுக்கு அடி பலமாத்தான் படும்.” வண்டியின் டயர் கிழிந்தது அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து இளையபெருமாள் குடித்தெருவை விட்டுவிட்டு வாய்க்கால் கரை வழியாகவே போய்வந்தான். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இவன் மடியில் ஒன்றும் இல்லை, காலுக்கிடையில்தான் இருநூறு கிலோ.

அவன் மனைவி அம்சவல்லி பள்ளிக்கூட டீச்சர். அழுது காரியம் சாதிக்கிறவள் அல்ல. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “நெலத்த விடச் சொல்லலங்க. அது ஒங்க அப்பா சாகுறவரைக்கும் கூலிக்கு நட்ட வயலு. ஆனா அவங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரி எதையாச்சும் நாம எழந்து காட்டணும். வண்டி போவட்டும். நம்மள எறக்கிட்டோம்னு அவங்க சந்தோஷப்பட்டுக்கட்டும்.” யோசித்துப் பார்த்தால் சரிதான். தூக்கம் வராமல் யோசித்தாலும் சரியாகத்தான் இருந்தது. இணையத்தில் படம் போட்டான். ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு விற்றால் பயந்து விற்றதாக ஆகிவிடும் என்று ஒரு வீம்பு.

விண்ணரசிக்கு வண்டி பிடித்துப்போனது. பேரம்கூடப் பேசவில்லை. “இமயமலைல ஸ்பிட்டி போகணும் சார். நானும் என் ஃப்ரெண்டும். எங்க அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தி வச்சு வண்டி கிடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருக்காங்க” என்று சிரித்தாள். அவனுடைய நீல ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் சேர்த்தே கொடுத்தான். உயரமான பெண், ஜாக்கெட் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அம்சவல்லி காப்பி கொடுத்துவிட்டு, “தெரு வழியா வேணாம்ங்க, மறிச்சு யாரு என்னன்னு கேப்பாங்க” என்று அவன் காதில் சொன்னாள். அவனும் விண்ணரசியிடம், “கரையோட போங்க மேடம். நேரா போனா மெயின் ரோடு” என்றான்.

அவள் கிளம்பிப்போனபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. அவன் வழக்கமாக ஈவினிங் டிஸ்பென்சரிக்குக் கிளம்பும் பொழுதுதான். சத்தம் தேய்ந்து மறையும்வரை நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அழுகை வந்தது. வண்டிக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டு ராஜாத்தி புல்லுக்கட்டோடு வந்தவள், கட்டை வேலியோரம் சாய்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏன் தம்பி, உளுந்தப் புடுங்கிட்டியா? ஒரு வார்த்த சொல்லிருந்தா நானும் வந்திருப்பேன்ல?”

“எங்க அக்கா? இன்னும் காய் முத்தவே இல்லையே.”

“ஒன் வயலு ஓரத்துல, கரைமேல செடி போட்டுக் கெடக்கே. ஒரே எடத்துல நல்லா தண்டியா.”

பங்குனியில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறிக் காயை உடைத்துக் கொடுக்கும். செலவில்லாத களத்துமேடு. எவனும் பிரேக் பிடிக்க மாட்டான். பிடித்தால் செடி சறுக்கும், பிடிக்காமல் நேராக ஏற்றிவிட்டால் உளுந்துக்காரனுக்கு உபகாரம். இளையபெருமாள் எத்தனையோ தடவை அப்படி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஆனால் கரைமேல் யாரும் போடுவதில்லை. அவனைத் தவிர அதில் வண்டியே போகாது.

அம்சவல்லியின் ஸ்கூட்டியை எடுத்தான். ஒரு கையால் போனைக் காதில் வைத்தபடியே ஓட்டினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் எங்கே கேட்கப்போகிறது? நீல ஜாக்கெட் நினைவுக்கு வந்தது. தன் சட்டையைப் போட்டுத் தன் வழியில் அனுப்பிவைத்திருக்கிறோம். யார் பெற்ற பிள்ளையோ. அந்தத் தாய் ஏற்றிய மெழுகுவத்தியை நினைக்க நினைக்க, செத்துவிடலாம் போலிருந்தது.

அவன் வயல் தாண்டும் இடத்தில் வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, விண்ணரசி உளுந்துச் செடியைக் கை கொள்ளுமட்டும் அள்ளி ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஏன் சார் வந்தீங்க? பாவம், யாரோ காய வச்சிருக்காங்க. மேல ஏத்துனா நசுங்கிடாதா? ஒதுக்கிட்டுப் போலாம்னுதான்.”

பொன்மலைக்காரிக்கு இந்தப் பக்கத்து வழக்கம் தெரியவில்லை. தெரிந்த எவனும் பிழைத்திருக்க மாட்டான்.

“அங்கயே நில்லுங்க. கால் வைக்காதீங்க!”

அவன் கத்திய கத்தலில் அவள் கையிலிருந்த செடி விழுந்தது. அவனே குனிந்து மீதியை விலக்கினான். அடியில் மூங்கில் பிளாச்சு, அதன்மேல் சாக்கு. சாக்கைத் தூக்கினால் கரையைக் குறுக்கே வெட்டிய பள்ளம், தொடை ஆழம் இருக்கும். அடியில் உடைந்த மதகுக் கல்லை முனை மேலே வரும்படி நட்டிருந்தார்கள். ஈர மண்ணில் மண்வெட்டித் தடம் பளபளவென்று இருந்தது. அவளைக் கூட்டிவந்தபோது இங்கே ஒன்றும் இல்லை.

விண்ணரசி பள்ளத்தையும் வண்டியின் முன் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது யாருக்கு சார்?”

“எனக்குங்க.” சொன்னதும் மற்றதும் தானாகவே வெளியே வந்தது. “முதுகு வலியெல்லாம் இல்ல. இதுக்குப் பயந்துதான் விக்கிறேன்.”

“இந்த வழியா என்னைப் போகச் சொன்னது நீங்கதானே?”

இது இருந்தது தெரியாது என்று சொல்லலாம், உண்மையும் அதுதான். ஆனால் அந்தக் கரையில் ஏதோ ஒன்று ஒருநாள் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? அவள் கண் கலங்கியிருந்தது. பயமா கோபமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது.

அந்தாண்டை வயலில், பம்புசெட் கொட்டகையிலிருந்து சாமிதுரை எழுந்து வந்தார். அவசரமே இல்லாத நடை. கையில் மண்வெட்டி. கொட்டகையில் இன்னும் இரண்டு பேர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வரப்பேறிக் கரைக்கு வந்தவர் முதலில் விண்ணரசியின் ஜாக்கெட்டைப் பார்த்தார், பிறகு முகத்தை. அவர் முகம் ஒரு நொடி வெளுத்துப்போனதை இளையபெருமாள் கவனித்தான்.

“யாரும்மா நீ?”

“வண்டி வாங்க வந்தேன்.”

“வித்துட்டியா டாக்டரு?” வெளுப்பு போய்ப் பழைய முகம் வந்துவிட்டது. “அட, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?”

“வண்டியத்தான் வித்தேன்” என்றான் இளையபெருமாள். “வயல விக்கல.”

“அதையா நான் இப்ப கேட்டேன்? போர் பைப்பு கொண்டுபோவலாம்னு வெட்டுனது. ஆளுவ மேல செடியப் போட்டுட்டானுவ. இரு, மூடித் தர்றேன். பொம்பளப் புள்ள பொழுதோட ஊரு போய்ச் சேரணும்ல?”

மூங்கிலை உருவிப் போட்டுவிட்டு மண்ணைத் தள்ளினார். நல்ல வேலைக்காரர். கல்லை எடுக்கவில்லை, அதன்மேலேயே மண் விழுந்தது. காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டு, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு விளிம்பில் ஒதுங்கி நின்றார். கரையின் அகலம் ஒரு வண்டிக்குத்தான் சரியாக இருக்கும். மண்வெட்டியைத் தோளில் சாத்தாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“வா தாயி, போலாம்.”

விண்ணரசி நகரவில்லை. இளையபெருமாளைப் பார்த்தாள். திரும்பிப் போனாலும் குடித்தெரு. அவன் ஹெல்மெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

“மெதுவா வுடுங்க. நான் கூடவே நடந்து வர்றேன்.”

அவள் வண்டியை எடுத்தாள். அவன் அதற்குப் பின்னால் போகாமல், சாமிதுரை நின்ற பக்கமாகச் சுற்றிவந்து, வண்டிக்கும் அவருக்கும் நடுவில் உடம்பை நுழைத்துக்கொண்டு ஹேண்டில்பாரில் ஒரு கை வைத்தான். முன் சக்கரம் புது மண்ணில் ஏறி, ஒரு விரற்கடை இறங்கியது. அவன் நடந்தான். அவன் சட்டை மண்வெட்டிப் பிடியில் உரசியது. சாமிதுரை பிடியை விலக்கவில்லை.