நான் அழித்த கட்டி

"இது எப்ப வந்துது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ரெண்டு மாசம் இருக்கும். தலை சீவும்போது கையில தட்டுப்பட்டுது," என்றாள் என் மனைவி.

காதுக்குக் கீழே, முடி மறைக்கிற தாடை ஓரத்தை டாக்டரம்மா இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார்.

"முகத்துல கட்டின்னா எல்லாமே பயப்படுறதுக்கில்லம்மா. கொழுப்புக் கட்டி, பல்லுல சீழ், எவ்வளவோ இருக்கு. இது எச்சில் சுரப்பியில இருக்கு. வருஷக்கணக்கா மெதுவா வளந்ததுன்னா பெரும்பாலும் புத்துநோயா இருக்காது. ரெண்டே மாசத்துல நெல்லிக்காய் அளவுன்னா லேசுல விட முடியாது. பழைய போட்டோ இருக்கா?"

அவள் சிரித்தேவிட்டாள். "இவர் ஸ்டுடியோ வச்சிருக்கார் டாக்டர். போட்டோவுக்கா பஞ்சம்?"

என் போனை வாங்கி அவளே தள்ளித் தள்ளிக் காட்டினாள். தம்பி கல்யாணம், மகள் பட்டம் வாங்கிய நாள். எல்லாவற்றிலும் கொண்டை போட்டிருந்தாள்; தாடை வழவழவென்று இருந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. ஸ்கேனை இன்றைக்கே எடுக்கச் சொல்லி மளமளவென்று எழுத ஆரம்பித்தார்.

பரு, தழும்பு என்று ஊரார் முகத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் துடைத்து வயிறு வளர்ப்பவன் நான். லைட் சரிபார்க்க அவளைத்தான் ஸ்டூலில் உட்காரவைப்பேன். ஒருநாள் பக்க வெளிச்சத்தில் அந்த இடம் லேசாகப் புடைத்துத் தெரிந்தது. தம்பி கல்யாணப் படத்தில் அதை அழித்தேன். பிறகு கை தானாகவே அங்கே போகப் பழகிவிட்டது. திருத்திய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அசலைத் தூக்கி எறிவது என் வழக்கம். அவள் வருத்தப்படுவாள் என்றுதான் சொல்லவில்லை என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு அது இன்னொரு வேலை, அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது.

"டாக்டர், அது மூணு வருஷமா இருக்கு. மொதல்ல மிளகு அளவுதான். படத்துலேர்ந்து நான்தான் அழிச்சேன்."

பேனா நின்றது. "நிச்சயமாவா?"

"வரவர கொஞ்சம் பெரிசா அழிக்க வேண்டியிருந்துது."

"அப்ப கொஞ்சம் நிம்மதி. ஆனா ஊசி குத்திப் பாக்கணும், ஆபரேஷனும் வேணும். சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா, அந்தச் சுரப்பிக்குள்ள ஓடுற முக நரம்பைப் பத்தி இவ்வளவு கவலைப்பட வேண்டாம்."

மனைவி பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. அவள் போனை அணைத்து என் கையில் திணித்தாள்.

"மூணு வருஷம்," என்றாள். "தினம் உங்க எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டேன்?"