யாரிடமிருந்து வந்தது

அப்பாவின் சட்டைக்குக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிடக் குனிந்த மகள், இருமல் வரவும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு முகக்கவசத்துக்குள் இருமினாள். இனி அவருக்கு எதுவும் ஒட்டாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தது. வெறும் சளிக்காய்ச்சல் என்று போனவர். "ஃப்ளூ வைரஸ். ஏற்கெனவே பழுதான நுரையீரல், தாங்கல" என்றார் டாக்டர். இப்போது தையல் கடையாகவும் இருந்த முன்னறையில், துணி வெட்டும் மேசைமேல் படுத்திருந்தார். அந்த நீளத்துக்கு வீட்டில் வேறு எதுவும் இல்லை. அவரே பார்த்திருந்தால், "அளவு கச்சிதமா இருக்கு" என்று சிரித்திருப்பார்.

மகளுக்குக் காய்ச்சல் இன்னும் முழுக்க விடவில்லை. நாற்காலியில் சாய்ந்தால் அறை மெல்ல மிதந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நூல்தூசி, விழ மனசில்லாததுபோல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர். போன மாதம் வைரஸ் பாடம். அதற்கு உயிர் உண்டா என்று பிள்ளைகள் கேட்டார்கள். "வெளிய கிடக்கறப்போ தூசி மாதிரிதான். சாப்பிடாது, மூச்சு விடாது. நம்ம உடம்புல ஒரு செல்லுக்குள்ள நுழைஞ்சிட்டா போதும், அதையே தன் பட்டறையா ஆக்கிக்கும். தன்னை மாதிரியே தச்சுத் தச்சுத் தள்ளும்" என்றாள். தையல்காரர் மகள் வேறு எப்படிச் சொல்வாள்? அப்பா துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியைப் பொடித்து ஒருத்தியின் உள்ளங்கையில் மட்டும் தடவிவிட்டாள். மணி அடிப்பதற்குள் வகுப்பே நீல மூக்கும் நீலக் கன்னமுமாகத் திரிந்தது.

இப்போது கண்ணை மூடினால் அந்த நீலம் வீடெங்கும் தெரிந்தது. தாழ்ப்பாளில், மெஷின் சக்கரத்தில். அப்பாவின் உதட்டில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, வாரத்துக்கு வேண்டிய ஊசிகளிலெல்லாம் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவாள். அவருக்குக் கண் மங்கிப் பல வருடம். நூல் முனையை நாக்கில் நனைத்துத்தான் கோப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடைசி ஞாயிறும் தொண்டைக் கரகரப்போடு வந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கை கழுவச் சொல்லித் தந்தவள், அன்றைக்கு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவள் கோத்துத் தந்த ஊசியில் கையோடு பொத்தான் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"கத்திரி எதுக்குப்பா இருக்கு?"

"பல்லு எதுக்கு இருக்கு, டீச்சர்?"

காய்ச்சல் ஒட்டிக்கொள்ள நூல்கூட வேண்டியதில்லை. அந்தச் சின்ன அறையில் தலையோடு தலை வைத்துப் பேசிச் சிரித்ததே போதும். அம்மாவிடம் இதை எந்த வாயால் சொல்வது? தெரிந்தால் அம்மா தன் முகத்தில் விழிப்பாளா என்ற பயத்தில் அவளுக்கு அழக்கூட வரவில்லை.

அப்பாவின் அக்கா வந்தாள். அத்தைக்கு எதற்கும் ஓர் ஆள் வேண்டும். பால் பொங்கி வழிந்தாலும் யார் காரணம் என்று கேட்கிறவள். அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"வாசலைத் தாண்டாத மனுஷன். இவனுக்கு எங்கேருந்து வந்துச்சு இது? யாரு கொண்டாந்து ஒட்டினது?"

மகள் ஓரடி முன்னால் வந்தாள். "அத்தை, அது வந்து..."

"என்கிட்டேருந்துதான், அண்ணி" என்றாள் அம்மா. "எனக்குத்தான் முதல்ல சளி புடிச்சுது. தள்ளிப் படுங்கன்னு சொன்னா கேட்டாத்தானே அவரு."

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னத்தச் சொல்றது" என்று முணுமுணுத்தபடி வாசலுக்குப் போனாள்.

மகள் அம்மாவையே பார்த்தாள். இந்த வருடம் முழுக்க அம்மா ஒரு தும்மல் தும்மியதில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

அம்மா மேசையில் தொங்கிய சட்டைக் கையை எடுத்து நேராக வைத்தாள்.

"அன்னிக்கு நான் அடுப்படிலதானே இருந்தேன். நீ இருமினது கேக்காதா?" சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "அவருக்கும் கேட்டுச்சு. நீ போனப்புறம், 'உடம்புக்கு முடியல, ஆனாலும் வந்துட்டா பாரு'ன்னு ராத்திரி வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. அவ்வளவு பெருமை."

அப்போதுதான் மகளுக்கு அழுகை வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதாள். அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். முகக்கவசத்தை இறக்கிப் பாதி குடித்தவள், டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். அம்மா எட்டி எடுத்தாள்.

"அம்மா, அதுல குடிக்காதம்மா."

அம்மா அண்ணாந்து குடிக்கவில்லை. மகள் குடித்த பக்கத்திலேயே வாய் வைத்து, மிச்சத் தண்ணீரை நிதானமாகக் குடித்தாள்.