பின்படிக்கட்டில் ஒரு வெண்கலக் கிண்ணம்

சாவியை அவர் இரண்டு கைகளாலும் நீட்டினார்.

சாராள் ஓர் அடி பின்வாங்கினாள். ஐம்பது வயதுக்குள் எத்தனையோ வீடுகளில் பாத்திரம் துலக்கியவள் அவள். அங்கெல்லாம் அவள் கண்ட முறை ஒன்றே ஒன்றுதான்: கொடுப்பவர் கீழே வைப்பார், வைத்தவர் விலகுவார், விலகிய பின் இவள் குனிந்து எடுப்பாள். ஆகவே அந்த மனிதர் சாவியைக் கீழே வைப்பார் என்று காத்திருந்தாள். அவரோ வைக்கவில்லை. தலையைச் சற்றே தாழ்த்தி, விரலளவுச் சாவி ஒன்றை இரு கைகளிலும் ஏந்தி, அவளுடைய கைகள் வருவதற்காகக் காத்திருந்தார்.

“வாங்கிக்கோ சாராளு. அவங்க நாட்டுல பெரியவங்களுக்கு அப்பிடித்தான் குடுப்பாங்களாம்” என்றான் பார்த்திபன்.

“நான் இன்னா பெரியவ?”

“வயசுல பெரியவதானே. வாங்கு, அவரு கை வலிக்கப்போவுது.”

இருபத்தெட்டு வயதுப் பார்த்திபன் ஐம்பது வயதுக்காரியைப் பெயர் சொல்லித்தான் அழைத்தான். அதில் பிழை இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. சாராளுக்கும் தோன்றவில்லை. ஆனால் நீட்டிய அந்தக் கைகளின் முன்னே முதன்முறையாக அவளுக்கு என்னவோ தோன்றியது. முந்தானையில் கைகளைத் துடைத்துக்கொண்டு, உயர்த்தி, வாங்கினாள்.

ஹான் என்பது அவர் பெயர். கொரியாக்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தகடு வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர். மூன்றாண்டு ஒப்பந்தம். மனைவி ஊரில் இருந்தார். வயது முதிர்ந்த தாயும் ஊரில் இருந்தார். ஹானுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவன் அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை செய்த பார்த்திபன். வீட்டுக்காரர் பூவராகவன் அவனுக்குப் பெரியப்பா. முப்பது ஏக்கர் நெல்வயலுக்குச் சொந்தக்காரர். மாடி வீட்டை நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டார்.

கொரியாக்காரர் மாட்டுக்கறி சாப்பிடுவார், பன்றிக்கறியும் சாப்பிடுவார். பூவராகவனுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வெளிநாட்டவர், முன்வாசல் வழியாக வந்து போகலாம். ஆனால் அந்தக் கறியைச் சமைக்க ஓர் ஆள் வேண்டுமே! காலனியிலிருந்து சாராளை வரச் சொன்னார்கள். பூவராகவனின் வயலில் களை பறித்தவள் அவளுடைய தாய். சாராள் பின்புறத்து இரும்புப் படிக்கட்டில்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். உண்பவருக்கு முன்வாசல், அதையே சமைப்பவளுக்குப் பின்படி! தீட்டு கறியில் இருந்ததா, மனிதரில் இருந்ததா? அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

அந்நிய நாட்டில் வாழ்வதென்றால் என்ன? ஹானுக்கு அது வெயில். காலை ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் வெயில். சாளரத்தைத் திறந்தால் ஆலைகளின் கரித்தூள், மூடினால் புழுக்கம். ஆடி மாதம் முழுதும் பெரியபாளையத்து அம்மன் கோவிலுக்குப் போகும் வண்டிகளின் ஒலிபெருக்கி. சுவரில் பல்லி. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாத மௌனம். அந்த மௌனத்தை உடைத்தவள் சாராள் ஒருத்திதான்.

அவர் கைப்பேசியில் மொழிபெயர்க்கும் செயலி ஒன்று இருந்தது. அவர் கொரிய மொழியில் பேசுவார். அது தமிழில் முழங்கும். “தாங்கள் சமைத்த உணவு மிகுந்த சுவையுடன் விளங்குகிறது!”

சாராள் வாய்பொத்திச் சிரிப்பாள். “இன்னா சார் உன் போனு எங்க பாஸ்டர் மாரி பேசுது? ஆமென் மட்டுந்தான் சொல்லல.”

அவள் சொன்னதைச் செயலி எப்படி மாற்றியதோ, அவரும் சிரிப்பார். முட்டைக்கோசில் மிளகாய் தடவி ஊறவைக்க அவளுக்கு அவர் கற்றுக்கொடுத்தார். “இது ஊறுகாதானே? இதுக்கா இத்தினி பேஜாரு?” என்றாள், மறுவாரம் அவரைவிட நன்றாகச் செய்தாள். காய்ச்சலில் அவர் பத்து நாள் படுத்தபோது நொய்க்கஞ்சி வைத்து, அவர் எழுந்து உட்காரும்வரை பக்கத்தில் நின்றாள். அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் அழுதார். “என் தாய் வைக்கும் கஞ்சி இதுவே” என்றது கைப்பேசி.

ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பொருளும், அந்த மாடியில் கைக்குக் கை மாறியது. தேநீர்க் கோப்பையை அவள் நீட்டினால் இரு கைகளால் வாங்குவார். குடித்த கோப்பையை இரு கைகளால் திருப்பித் தருவார். சாராள் அதற்காகவே வேலைக்கு வந்தாள் என்றால் மிகையில்லை. இரவு மகளிடம் சொல்வாள்: “இன்னிக்கி உப்பு டப்பாவக்கூட ரெண்டு கையால குடுத்தாரு, பாப்பா.”

மாடியிலிருந்து இறங்கினால் வேறு உலகம். பூவராகவனின் மனைவி செல்வி காலையில் அவளுக்குக் காபி கொடுப்பார். காலம் மாறிவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறோமே, உண்மைதான். தனிக்குவளை போய்க் காகிதக் குவளை வந்துவிட்டது! அந்தக் குவளையைப் பின்படிக்கட்டின் கடைசிப் படியில் வைப்பார் செல்வி. நான்கு அடி விலகி நிற்பார். சாராள் குனிந்து எடுத்துக் குடித்து, கசக்கித் தெருவோரத் தொட்டியில் போடுவாள்.

இதை ஹான் மாடியிலிருந்து பார்த்தார். பல நாள் பார்த்தார்.

அவருக்கு ஓர் அச்சம் இருந்தது. வந்த புதிதில், ஊரிலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பெட்டியைச் செல்வியிடம் இரு கைகளாலும் நீட்டியபோது விரல் பட்டுவிட்டது; பூவராகவன் முகம் சுளித்தார். தன் வழக்கம் இந்நாட்டில் அவமரியாதையோ என்ற ஐயம் அன்று புகுந்தது. சாராளையும் தினந்தோறும் அப்படிப் புண்படுத்திக்கொண்டிருக்கிறோமோ? ஒருநாள் பார்த்திபனிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

“வீட்டுக்கார அம்மா ஏன் குவளையைப் படியில் வைத்துவிட்டு விலகி நிற்கிறார்?”

பார்த்திபன் கீழே பார்த்தான். படித்தவன், உண்மை தெரிந்தவன். ஒரே ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லை ஓர் அந்நியர் முன்னே சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. செய்தபோது வெட்கம் வரவில்லை, செய்வதைக் கண்டபோதும் வரவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் வந்தது!

“அது எங்கள் ஊர் மரியாதை, சார்” என்றான்.

“கீழே வைப்பதா?”

“ஆமாம். பெண்களுக்குக் கையில் கொடுக்க மாட்டோம். வைத்துவிட்டு விலகி நிற்பதுதான் மரியாதை.”

ஹான் தலையசைத்தார். அதைத் தன் சிறு குறிப்பேட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார். ஆனால் கைக்குக் கை வாங்குவதில் சாராள் மகிழ்வதைக் கண்டதால், அன்றாடப் பொருள்களை மட்டும் தன் வழக்கப்படியே கொடுத்துவந்தார்.

கார்த்திகை மாதம் அவருடைய தாய் இறந்துபோனார். பன்னிரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினார். திரும்பும்போது தாய் நாற்பதாண்டுகள் உணவுண்ட வெண்கலக் கிண்ணத்தை, மூடியோடு, துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மனைவி கேட்டாராம், யாருக்கு என்று. எனக்கு அங்கே கஞ்சி வைத்துக் கொடுத்தவருக்கு என்றாராம்.

வந்த மறுநாள் காலை, பின்முற்றத்தில் பூவராகவன் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். செல்வி மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். சாராள் பின்புறத்துக் கதவைத் திறந்து உள்ளே வந்து, படிக்கட்டின் அருகே வந்தபோது, ஹான் மாடியிலிருந்து இறங்கினார். கறுப்பு உடை அணிந்திருந்தார். அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு கலங்கியது.

“அம்மா தவறிட்டாங்கன்னு சொன்னாங்க சார். நான் ஜெபம் பண்ணேன்...”

இந்தப் பரிசைத் தன் வழக்கப்படி கொடுத்தால் போதாது என்று அவர் முடிவு செய்திருந்தார். இந்த மண்ணின் மிக உயர்ந்த மரியாதையோடு கொடுக்க வேண்டும். செல்வி குவளை வைக்கும் அதே கடைசிப் படியில் கிண்ணத்தை வைத்தார். நான்கு அடி விலகினார். இடுப்பு வளையக் குனிந்தார். கைப்பேசி முழங்கியது:

“உங்கள் ஊர் வழக்கப்படி இதை வழங்குகிறேன்.”

சாராள் கிண்ணத்தைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். அவர் விலகி நின்ற நான்கடித் தொலைவைப் பார்த்தாள்.

செல்வி சிரித்தார். “பாத்தியா சாராளு? கொரியாக்காரருக்கே நம்மூரு பழக்கம் வந்துடுச்சி. உனுக்குத்தான் மெதப்பு ஏறிக்கினு இருந்திச்சி.”

“சும்மா கிட செல்வி” என்றார் பூவராகவன். நாளிதழிலிருந்து தலையை எடுக்கவில்லை.

சாராள் இடுப்பிலிருந்து மாடிச் சாவியை எடுத்தாள். குனிந்து, கிண்ணத்தின் பக்கத்தில், அதே படியில் வைத்தாள். எந்தக் கைகள் அதை ஏந்திக் கொடுத்தனவோ அந்தக் கைகளில் அல்ல, படியில். பிறகு கதவைத் திறந்து வெளியே போனாள்.

அவர் நிமிர்ந்தபோது அவள் இல்லை.

மூன்று நாள் சாராள் வரவில்லை. நான்காம் நாள், தொழிற்சாலையின் பொதிகட்டும் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த அவள் மகள் ஏஞ்சலினைத் தேடிப் போனார் ஹான். பார்த்திபனையும் உடன் அழைத்துக்கொண்டார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஏஞ்சலின் நிமிர்ந்து நின்றாள்.

“ஏன் சார் அப்பிடிப் பண்ணே? எங்கம்மா மூணு நாளா சரியா துன்னல. உன்னப் பத்தித் தெருவுல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினு இருந்திச்சி. வேற யாரு வேணா கீழ வெக்கட்டும், நீ வெக்கலாமா?”

ஹான் பார்த்திபனைப் பார்த்தார்.

“அவள் தாய்க்கு உடல்நலம் இல்லையாம்” என்றான் பார்த்திபன் ஆங்கிலத்தில்.

ஏஞ்சலின் பட்டயப்படிப்பு முடித்தவள். “இதானா நான் சொன்னது? நீங்க சரியாச் சொல்றீங்களா, நான் சொல்லட்டா? எனக்கும் இங்கிலீசு வரும்.”

பார்த்திபனின் காதுகள் சிவந்தன. சொன்னான். கீழே வைப்பது மரியாதை அல்ல என்று சொன்னான். தொட்டால் தீட்டு என்பதால் வைப்பது என்று சொன்னான். யாரைத் தொட்டால், ஏன், எத்தனை காலமாக என்றெல்லாம் ஹான் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாகச் சொன்னான். சிறு குறிப்பேட்டை எடுத்து, தான் எழுதி வைத்த வரியை ஹான் அவனிடம் காட்டினார். கோபிக்கவில்லை, கூச்சலிடவில்லை. காட்டினார், அவ்வளவுதான். பார்த்திபனால் அந்த எழுத்துகளைப் படிக்க முடியாது; என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

அன்று மாலையே ஹான் கிண்ணத்தோடு காலனிக்குப் புறப்பட்டார். ஏஞ்சலின் முன் இருக்கையில் உட்கார்ந்து வழி சொன்னாள். காரை ஓட்டிய பார்த்திபன் காலனியின் முனையிலேயே நிறுத்தினான். பிறந்த நாள் முதல் அந்த ஊரில் இருப்பவன். அந்தத் தெருவுக்குள் ஒருமுறையும் கால் வைத்ததில்லை. ஏழு கடல் தாண்டி வந்தவர் இறங்கி நடந்தார். இருநூறு அடி தாண்ட வேண்டியவன் வண்டியிலேயே இருந்தான்.

சாராள் வாசலில் நின்றாள். வீடு ஒற்றை அறை, கதவில் சிலுவை. ஹான் கைப்பேசியை எடுக்கவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்த சொற்களைத் தானே சொன்னார்.

“சாராள் அம்மா. தெரியாது. தப்பு. என் தப்பு.”

“தெரியும் சார். பாப்பா போன்ல எல்லாம் சொல்லிச்சி, கிண்ணத்தப் பத்தியும். உன் மேல தப்பில்ல.”

அவர் தலை தாழ்த்தி, கிண்ணத்தை இரு கைகளாலும் நீட்டினார். முதல்நாள் சாவியை நீட்டியது போலவே.

சாராளின் கைகள் எழுந்தன. பாதிவரை எழுந்தன. அங்கேயே நின்றன. தன் கைகளை அவளே வியப்போடு பார்த்தாள். பிறகு அவை தாமாக இறங்கி, முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டன.

“வர மாட்டுது சார்” என்றாள்.

“வாங்கும்மா” என்றாள் ஏஞ்சலின்.

“இன்னாடி பண்ணச் சொல்ற? வர மாட்டுதே!” குரல் உடைந்தது. “சார், உன் மேல கோவமே இல்ல. நீ கீழ வெச்ச ஒடனே நான் நம்பிட்டேன் பாரு, அதான் சார். ஒரு நிமிசம் நின்னு, இவரு அப்பிடி ஆளு இல்லியேன்னு எனக்குத் தோணவே இல்ல. இவரும் இப்பிடித்தான்னு டக்குனு நம்பிட்டேன். அத்தினி சீக்கிரம் நம்புற மாரி என்ன வளத்து வெச்சிக்கிறாங்க சார். அதுதான் தாங்க முடில.”

ஏஞ்சலின் ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், ஒரு சொல்லையும் மறைக்கவில்லை.

“உங்கம்மா கிண்ணம் சார் அது. அழுதுக்கினே வாங்கக் கூடாது. அந்தப் படிலயும் இனிமே நான் ஏற மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோ. ஒடம்பப் பாத்துக்கோ.”

உள்ளே போய் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். இரு கைகளாலும் நீட்டினாள். ஹான் கிண்ணத்தை ஏஞ்சலினிடம் ஒப்படைத்து, இரு கைகளாலும் வாங்கிக் குடித்தார். சாராளால் கொடுக்க முடிந்தது. வாங்கத்தான் முடியவில்லை.

தெருமுனையில் பார்த்திபன் கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தான். ஏஞ்சலினிடமிருந்து கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த ஹான் அவனைக் கடந்து நடந்தார். கும்மிடிப்பூண்டி போகும் ஷேர் ஆட்டோ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார். ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. கனரக லாரிகள் சிதைத்த சாலை. பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது.

ஓட்டுநர் வரதன் கண்ணாடியில் பார்த்தார். “சார்! ரோடு ரொம்ப மோசம். பாத்திரத்தக் கீழ வெச்சிட்டு கம்பியப் புடிச்சிக்கோ. வுழுந்துடப் போற.”

ஹானுக்கு அது புரிந்தது. அந்த ஒரு சொல் இனி எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் அவருக்குப் புரியும்.

“கீழ வெக்க மாட்டேன்” என்றார்.

வண்டி மீண்டும் குலுங்கியது. அவர் தோள் கம்பியில் மோதியது. இரண்டு கைகளும் கிண்ணத்தில்தான் இருந்தன.