முதுகு காட்டி வாசித்தவர்கள்

1

இந்தக் கதை எனக்கு ஓர் உணவகத்து மேசையில் கிடைத்தது. அயோவாவில், நெடுஞ்சாலை ஓரம், ஜூலை மாதத்துக் காலை. எதிரே நோரீன் ஹால்வர்சன் ஆம்லெட்டை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, கேட்காமலேயே உட்கார்ந்தான் டெஸ்மண்ட் ப்ரூவர். அவன் உட்கார்ந்த விதத்திலேயே இது கதையாகும் என்று தெரிந்துவிட்டது. எங்கே தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

முதல் முயற்சி: ‘மழை மூட்டம் போட்ட அந்த மாலையில், நூறு பித்தளை வாய்கள் வானத்தை நோக்கி—’

(இல்லை. வானத்தை நோக்கி அல்ல. அவர்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தார்கள். கதையே அதுதான். முதல் வரியிலேயே பொய் சொல்லப் பார்த்தேன்.)

இரண்டாம் முயற்சி: ‘நோரீன் ஒரு நடுவர்.’

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

நோரீன் ஒரு நடுவர். டிரம் கோர் போட்டிகளில் பித்தளை வாத்தியங்களுக்கு மதிப்பெண் போடுகிறவர். பேரில்தான் மேளம் இருக்கிறது. உள்ளே பாதிப்பேர் ஊதுகிறவர்கள். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் கோடை முழுக்கப் பேருந்தில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத் தரையில் படுத்து, கால்பந்து மைதானத்தில் நடந்துகொண்டும் ஓடிக்கொண்டும் வாசிப்பார்கள். நான் அவர்களின் ரசிகன். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் எனக்குப் புரியாமல் போன விளையாட்டுகள் பல. இது மட்டும் முதல் நாளே பிடித்துக்கொண்டது.

உணவகத்துக்கு முந்தின நாள், போட்டியன்று, நோரீனின் கார் பட்டறையில் கிடந்தது. எப்படியும் நான் போவதால் அவரை ஏற்றிக்கொண்டேன். மைதானத்தில் சேர்ந்து உட்கார முடியாது. அவர் மேலே கண்ணாடி அறைக்குள். நான் கீழே, கத்துகிறவர்களோடு.

டெஸ்மண்டின் குழுவுக்குப் பெயர் காப்பர் ஹெரன்ஸ். மிசிசிப்பிக் கரை ஊர் ஒன்றிலிருந்து வருகிறவர்கள். அந்த வருடம் அவர்களுடைய நிகழ்ச்சியில் ஒரு மெதுவான பாட்டு. அதன் முடிவில் யூஃபோனியம், ட்யூபா என்ற கனத்த குரல் பித்தளைகளை வைத்திருக்கிற பிள்ளைகள் முப்பது பேரும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்புவார்கள். வெறும் மூச்சு அளவுக்குத் தணித்து ஊதுவார்கள். ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டே வர, கடைசியில் ஒரே ஒரு யூஃபோனியம் மிஞ்சும். அது ஐவி காம்போவா.

அந்த மாலையில் அதைக் கேட்டபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் பாப்கார்னை மெல்வதை நிறுத்திவிட்டார். அரங்கில் அவ்வளவு அமைதி. முடிந்ததும் எழுந்து நின்று கத்தினோம். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நோரீன் போட்ட மதிப்பெண் இருபதுக்குப் பதினாறு புள்ளி எட்டு. அதற்கு முந்தின வாரம் வேறொரு நடுவர் பதினேழுக்கு மேல் போட்டிருந்தார்.

“காதுல பஞ்சை வச்சிருக்காங்கய்யா அந்தம்மா!” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். அந்தம்மா என் காரில்தான் திரும்பப் போகிறார் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

3

(இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ரசிகன் கேட்பது ஒன்று, நடுவர் கேட்பது ஒன்று என்று எழுதிவிட்டு அடித்தேன். இருவரும் கேட்பது ஒன்றைத்தான். ரசிகன் கையில் மயிர்க்கூச்செறிகிறதா என்று பார்ப்பான். நடுவர் முப்பது பேரும் ஒரே நொடியில் எடுத்தார்களா, ஒரே நொடியில் விட்டார்களா, நாதம் ஒருவருக்கொருவர் ஒட்டுகிறதா, தணித்து ஊதும்போது சுருதி நிற்கிறதா என்று பார்ப்பார். அதோடு, எவ்வளவு கடினமானதை எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்டு. ஓடிக்கொண்டே ஊதுவதும் நின்றுகொண்டு ஊதுவதும் ஒன்றல்ல.

ஒரு விஷயத்தை ரசிகர்கள் மறந்துவிடுவோம். நடுவர் எண் மட்டும் போடுவதில்லை. குழு வாசிக்கும்போதே ஒலிப்பதிவுக் கருவியில் பேசிக்கொண்டே இருப்பார். ‘இரண்டாவது வரிசை தாமதம். அந்த முடிப்பு அருமை. ட்ரம்பெட், கொஞ்சம் கூர்மை கூடிவிட்டது.’ மறுநாள் காலையில் பிள்ளைகள் பள்ளித் தரையில் உட்கார்ந்து அதைக் கேட்பார்கள். திருத்திக்கொள்வார்கள்.

நோரீனின் பதிவில், அந்த முதுகு காட்டும் இடம் முழுக்க, அவர் குரலே இல்லை. தூரத்தில் யாரோ இருமுவது கேட்கிறது. அவ்வளவுதான்.

4

வழக்கமாகப் போட்டி முடிந்ததும் நடுவர்களும் பயிற்சியாளர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். அன்று இடி மின்னல் வந்து மைதானத்தைக் காலி செய்துவிட்டார்கள். அதனால்தான் டெஸ்மண்ட் காலையில் உணவகத்துக்கே வந்துவிட்டான். காப்பர் ஹெரன்ஸின் பித்தளைப் பயிற்சியாளன் அவன். முப்பத்தைந்து வயதிருக்கும். கோடை வெயிலில் கழுத்து கருத்து, தோல் உரிந்திருந்தது.

“நோரீன், மார்க்கைப் பத்திப் பேச வரல,” என்றான்.

“எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க.”

“நெசமா வரல. பசங்க உங்க பதிவைக் கேட்டாங்க. அந்த எடம் வந்ததும் ஒண்ணுமே இல்ல. ஒருத்தன் மெஷின் கெட்டுப்போச்சுன்னான். இன்னொருத்தன் காபி எடுக்கப் போயிட்டாங்கன்னான். ஐவி மட்டும் எல்லார் முன்னாடியும் எழுந்து கேட்டா, ‘அவங்க நம்ம பக்கமா, இல்லையா?’ எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.”

நோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“மத்தியானம் ஒத்திகை,” என்றான் டெஸ்மண்ட். “நிகழ்ச்சியை வடிவமைச்சவங்க அந்த எடத்தைத் தூக்கச் சொல்றாங்க. முகத்தை முன்னாடி திருப்பி, ஒரு பெரிய முழக்கமாப் போட்டு முடிச்சா மார்க் ஏறுமாம். நான் சரின்னு சொல்லணும், இல்ல முடியாதுன்னு சொல்லணும். நீங்க ஏன் பேசலன்னு தெரியாம ரெண்டும் சொல்ல முடியாது.”

5

இந்த இடத்தில் என் இரண்டாவது வரைவில் நோரீனுக்கு இறந்துபோன கணவர் ஒருவரைக் கொடுத்திருந்தேன். அவர் யூஃபோனியம் வாசிப்பவர். ஐவியின் ஒற்றைக் குரலைக் கேட்டதும் நோரீனுக்கு அவர் நினைவு—

நோரீனுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

“ரோஜர் பின்கட்டுல புல்லு வெட்டிட்டு இருக்கான். அவனை எதுக்குக் கொன்ன? அவனுக்கு ஒரு வாத்தியமும் வராது, மணி.”

“அப்புறம் ஏன் பேசல?”

“நல்லா இருந்துச்சு. அதுக்கு ஒரு சாவு வேணுமா?”

கதாபாத்திரத்தை நம்பாத எழுத்தாளன்தான் அதற்குக் காரணம் தேடுவான் போல. கணவரை எடுத்துவிட்டேன். ரோஜர் நலமாக இருக்கிறார்.

உணவகத்தில் டெஸ்மண்டிடமும் அவர் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்.

“பதினாறு எட்டு போட்டேன். இப்பவும் அதையேதான் போடுவேன். சுருதி எறங்குச்சு டெஸ்மண்ட். நல்லாவே எறங்குச்சு. பின்வரிசைப் பசங்க சர்ச்சுக்கு லேட்டா வர்றவங்க மாதிரி ஒவ்வொருத்தனா உள்ள வந்தானுங்க. அதெல்லாம் கேட்டுச்சு. ஆனா வாய் தொறக்க முடியல. தொறந்தா அதைக் கலைச்சுடுவேன்னு தோணுச்சு. நான் பேசியிருக்கணும். அது என் வேலை. செய்யல.”

டெஸ்மண்ட் சிரப்புக் குப்பியை ஓரமாகத் தள்ளினான். பிறகு கைப்பேசியை எடுத்து மேசை நடுவில் வைத்தான்.

“இப்பச் செய்யுங்க.”

“என்னது?”

“அந்த எடத்தைப் போடறேன். நேத்துப் பேச வேண்டியதை இப்பப் பேசுங்க. நான் பதிவு பண்ணிக்கிறேன். பசங்களுக்குக் கொடுக்கணும்.”

பரிமாறுகிற பெண் காபிக் குடுவையோடு வந்தவள், மூன்று பேரும் ஒரு கைப்பேசியின் மேல் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

நோரீன் கண்ணை மூடிக்கொண்டார். “ம்… திரும்பறீங்க. மூச்சு மேல நிக்குது, அடி வயித்துல இல்ல. ட்யூபா, எடுப்பு ஒண்ணா வரல. மூணாவது ஆள், உன்னைத்தான். தணிக்கறதுன்னா காத்தைக் குறைக்கறது இல்லப்பா, காத்து ஓடிக்கிட்டே இருக்கணும். எறங்குது… எறங்குது… கேளுங்க, பக்கத்துல இருக்கறவனைக் கேளுங்க. முடிப்பு நல்லா இருக்கு. இன்னும் ஒருத்தர் விட்டாச்சு. இப்ப ஒரே ஆள். பயப்படாத. பிடி. பிடி. அவ்வளவுதான்.”

டெஸ்மண்ட் பதிவை நிறுத்தினான். “அந்த எடத்தை எடுத்துடட்டுமா, வச்சுக்கட்டுமா?”

“அதைச் சொல்றது என் வேலை இல்ல.”

“நடுவராக் கேக்கல.”

“நான் இந்த நடுவர் சட்டையைப் போட்டிருக்கற வரைக்கும் வேற மாதிரி பேச முடியாது. அதோ உக்காந்திருக்கான் பாரு ரசிகன். அவனைக் கேளு.”

6

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

கதையில் எழுத்தாளனுக்குக் கிடைக்கிற தருணம் இது. முதல் வரைவில் நான் கலையைப் பற்றியும் துணிவைப் பற்றியும் ஒரு பத்தி பேசினேன். பரிமாறுகிற பெண் கைதட்டினாள். அடுத்த வரைவில் அவளை வேலைக்கு அனுப்பினேன், பேச்சைப் பாதியாக்கினேன்.

உண்மையில் வாயில் ரொட்டி இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

“முன்னாடி பாத்து வாசிக்கறவங்க எங்களுக்காக வாசிக்கறாங்க. திரும்பினப்ப எனக்கு யார் மூஞ்சியும் தெரியல. அவங்க தங்களுக்குள்ள ஏதோ பேசிக்கறதை ஒட்டுக்கேட்ட மாதிரி இருந்துச்சு. அதை எடுத்தா நான் அடுத்த வாரம் வர மாட்டேன்.”

“வருவ,” என்றார் நோரீன்.

“வருவேன். ஆனா கத்த மாட்டேன்.”

டெஸ்மண்ட் எழுந்தான். அவனுக்காக நான் வரவழைத்த பான்கேக் அப்படியே கிடந்தது. “சுருதியைத்தான் சரி பண்ணணும்னா, சுருதியைச் சரி பண்றோம்,” என்றான். போய்விட்டான்.

(நான் சொன்னதால்தான் அவன் முடிவெடுத்தான் என்று எழுத ஆசை. உட்காரும்போதே முடிவோடுதான் வந்தான் என்று நோரீன் சொல்கிறார். எங்கள் இருவரில் சரியாகக் கேட்பவர் அவர்தான்.)

7

ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர்கள் இந்தியானாவில் ஒரு பள்ளி வளாகத்தில் தங்கியிருந்தபோது, உணவு வண்டியில் உதவிக்குப் போனேன். நாள் முழுக்க ரொட்டிக்குள் இறைச்சித் துண்டு வைத்தேன். பக்கத்தில் முப்பது பிள்ளைகள் பள்ளிச் சுவரைப் பார்த்து நின்று, வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தை வாயால் பாடிக்கொண்டிருந்தார்கள். பாடுவார்கள், ஊதுவார்கள், மறுபடி பாடுவார்கள். தார்த்தரை கொதித்தது.

“மறுபடி,” என்பான் டெஸ்மண்ட்.

“டெஸ், ஊதி ஊதி உதடே இல்ல டெஸ்!” என்று ஒருவன் கத்தினான்.

“அப்ப பாடு. அதுக்கு உதடு வேணாம்.”

“என் பாட்டைக் கேட்டா சுவரு விழுந்துடும்.”

“விழட்டும். சுருதியோட விழட்டும்.”

சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பெண் தட்டோடு வந்து நின்றாள். மூக்கு முழுக்க வெயில் புண். அவளுக்கு இதுதான் கடைசிக் கோடை. வயது வரம்பு முடிகிறது. ஐவி என்று தெரிந்துகொண்டது அப்போதுதான்.

“நீங்கதானே அந்த ஜட்ஜோட ஃப்ரெண்டு?”

“ஆமா.”

“அவங்ககிட்டச் சொல்லுங்க. சுருதி எறங்காது.”

இன்னும் ஒரு ரொட்டி கேட்டாள். இரண்டாக வைத்தேன்.

(அவள் மனதில் அப்போது என்ன ஓடியது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவள் சொன்னதை விட அது மெலிவாக இருந்ததால் இங்கே இல்லை.)

8

பெரிய போட்டி கூரை போட்ட அரங்கத்தில். அரையிறுதி. நோரீனுக்கு அன்று நடுவர் வேலை இல்லை. வாழ்க்கையில் அபூர்வமாக ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, சீஸ் ஊற்றிய நாச்சோஸ் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் செம்பு நிறச் சட்டை போட்ட ஹெரன்ஸ் ரசிகர்கள். இவர் யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் நாச்சோஸ் பிழைத்திருக்காது.

பாட்டு வந்தது. திரும்பினார்கள்.

எடுப்பு ஒன்றாக வந்தது. நான் நடுவரல்ல, எனக்கே கேட்டது. முப்பது பேர் ஒரே கதவைத் திறந்த மாதிரி. தணிந்தது, இன்னும் தணிந்தது, ஆனால் மெலியவில்லை. ஒவ்வொருவராக விட்டார்கள். சுருதி நின்றது. நோரீனின் கை தட்டின் மேல் அப்படியே இருந்தது.

பிறகு ஐவி மட்டும். அவள் தன் கடைசி ஸ்வரத்தை எடுக்க வேண்டிய இடத்தில் அது உடைந்தது. வாத்தியத்தில் ஒரு விரிசல் சத்தம், அவ்வளவுதான். அந்தப் பெரிய அரங்கத்தில் ஒளிய இடமில்லை. ஒரு மூச்சு நேரம் எதுவுமில்லை.

அவள் மறுபடி எடுத்தாள். அதே ஸ்வரம், அதே தணிவு, நேராக, சுருதியில். பிடித்தாள். எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்தாள். அவர்களைப் பார்த்து மைதான நடுவில் நின்று தாளம் காட்டியவர் கையை இறக்கும் வரை விடவில்லை.

கூட்டம் எழுந்தது. நானும் கத்தினேன்.

“எடுப்பு ஒடஞ்சுது,” என்றார் நோரீன், எனக்கு மட்டும் கேட்கும்படி. “சுருதி நின்னுச்சு.” அவரும் எழுந்து நின்றிருந்தார். சீஸ் என் காலணியில்.

“நீ என்ன போடுவ, மணி?”

“இருபது.”

“இருபது போட்டுட்டா, அடுத்து வர்றவங்க இதைவிட நல்லா வாசிச்சா என்ன பண்ணுவ?”

குனிந்து காலணியிலிருந்த சீஸைத் துடைத்தேன்.

வெளியே பேருந்துகளுக்கிடையில் ஐவியைப் பார்த்தேன். தர்பூசணித் துண்டோடு, தோழிகள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

“ஒடஞ்சுது. கேட்டுச்சா?” என்றாள்.

“கேட்டுச்சு.”

“அப்புறம் நின்னுச்சுல்ல?”

“நின்னுச்சு.”

“சொன்னேன்ல!” என்று விதையைத் துப்பினாள்.

9

இனி முடிவு. இரண்டு எழுதிவைத்திருக்கிறேன்.

ஒன்றில் அவர்கள் இறுதிப் போட்டிக்குப் போகிறார்கள், டெஸ்மண்ட் பேருந்துப் படியில் உட்கார்ந்து அழுகிறான். இன்னொன்றில் பத்தில் ஒரு புள்ளியில் நழுவுகிறது, மறுநாள் காலை பிள்ளைகள் தூங்கும் பைகளைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். இரண்டையும் நம்பும்படி எழுத எனக்குத் தெரியும். தவறு அங்கேதான். அந்த எண் வந்தவுடன் நீங்கள் கேட்டதை மறந்துவிட்டு எண்ணைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள். ரசிகர்களான எங்களுக்கு எப்போதும் நடப்பது அதுதான்.

இணையத்தில் தேட வேண்டாம். குழுவின் பெயர் நான் வைத்தது.

ஆகவே மதிப்பெண் தாளை உங்களிடம் தருகிறேன். எடுப்பு, நாதம், சுருதி, முடிப்பு, எடுத்துக்கொண்ட கடினம். உடைந்ததைக் கேட்டீர்கள். அவள் மறுபடி எடுத்ததையும் கேட்டீர்கள். கையில் மயிர்க்கூச்செறிந்ததா என்பது உங்கள் சொந்த விஷயம். அதற்கும் ஒரு இடம் வேண்டுமென்றால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவருக்கு யோசிக்க நேரம் அதிகம் தருவதில்லை. அடுத்த குழுவின் ட்யூபாக்கள் வாசலைத் தாண்டி வந்துவிட்டன. அவர்களும் கோடை முழுக்கத் தரையில் படுத்தவர்கள்தான்.

இருபதுக்கு எவ்வளவு? போடுங்கள்.