ஒன்பது பத்து ஆஸ்பத்திரி பஸ்

மெட்ரோ நிலையத்தின் வாசலில்தான் பாதி ஊர் பஸ் மாறும். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் அரைமணிக்கு ஒன்று. அதில் ஒன்பது பத்து பஸ்ஸை டைம்கீப்பர் பதினோரு வருடமாக ஒன்பது பன்னிரண்டுக்குத்தான் அனுப்பிவந்தார். ஒன்பது எட்டு ரயிலில் வந்தவர்கள் மேலே ஏறிவர அந்த இரண்டு நிமிடம் வேண்டும். நகரும் படிக்கட்டில் கடைசித் தலை தெரிந்த பிறகுதான் விசில்.

"என்னண்ணே, உங்க சம்பந்தி வீட்டு ஆளுங்க இன்னும் வந்து சேரலையா?" என்று டிரைவர் தினமும் கிண்டலடிப்பார்.

போன வாரம் மேலிடத்து உத்தரவு வந்தது. இனி ஒரு நிமிடம் தாமதித்தாலும் மெமோ. முதல் நாள், ஓடிவந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதியவருக்கு மதியம் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி நின்று ஊதினார். கொஞ்சம் சுலபமாக இருந்தது.

இன்று காலை, ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்த மனைவி போன் செய்தாள். "மாமாவுக்கு மூச்சு வாங்குது. உங்க தங்கச்சியையே கேட்டுக்கிட்டு இருக்கார்."

அவருக்கு மாற்று ஆள் வரப் பத்து மணியாகும். தங்கையை அழைத்துச் சொன்னார்.

"இவரு பைக்ல கொண்டுவந்து விட்டுடுவாரு. நீ பதறாதண்ணா."

பிறகு மழை பிடித்துக்கொண்டது. தலையை மூடிய மழைக்கோட்டுக்குள் திரும்பி நின்று, சரியாக ஒன்பது பத்துக்கு விசில் ஊதினார். பின்னால் யாரோ கத்தினார்கள். தினமும் யாராவது கத்துவார்கள்.

பத்தரைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். வார்டு வராந்தாவில் தங்கை நனைந்த தலையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நிமிஷம்ணா. பத்தே நிமிஷம் முந்தி வந்திருந்தா பார்த்திருப்பேன். மழையில பைக் கிளம்பல, மெட்ரோல வந்தேன். கண்ணு முன்னாடியே பஸ் போயிடுச்சு. எவனோ ஒருத்தன் முதுகைக் காட்டிக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறான். ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடிச்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. நீ முன்னாடியே இங்க வந்திருப்பேன்னு நினைச்சேன். நீ அங்க இருந்திருந்தா பஸ்ஸைப் போக விட்டிருப்பியா?"

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பழியைப் போட அவளே ஒரு எவனோவைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள்.

"நான்தாம்மா நின்னேன்."

தோளில் இருந்த கை அசையவில்லை.

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று அண்ணியிடம் கேட்க உள்ளே போனாள். அவர் வராந்தாவிலேயே நின்றார். அவருக்கும் அது தெரியாது.