கை பார்க்கும் நாட்கள்

கொட்டகையின் தகரக் கதவைத் தள்ளித் திறந்தபோது இன்னும் விடியவில்லை. பெட்டிகள் இரவுக் குளிரைக் குடித்துக் கிடந்தன. ஹனியா முதல் பெட்டியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தாள். பேரீச்சம்பழங்கள் கூழாங்கற்களைப் போலச் சத்தமிட்டு உருண்டன. ஒவ்வொன்றையும் எடுத்து விளக்குக்கு நேரே பிடிக்க வேண்டும். உள்ளே கொட்டை நிழலாகத் தெரிந்தால் நல்ல பழம், வலப்பக்கம். இருண்டு கிடந்தால் இடப்பக்கம். காம்படியை நகத்தால் நெம்பும்போது மாவு போலத் தூள் உதிர்ந்தால் புழு, காலடி வாளியில். கொஞ்ச நேரத்தில் விரல்கள் பிசினாக ஒட்டும். குளிரில் அந்தப் பிசின் இறுகி, விரல் கணுக்கள் வெடிக்கும். வெடிப்பில் சாறு இறங்கினால் உச்சிவரை எரியும்.

அந்த எரிச்சலுக்குக் கூலி கிடையாது. தோசர் ஊர்ப் பக்கத்துக் கொட்டகைகளில் புதிய பெண்களை அப்படித்தான் எடுப்பார்கள். "முதல்ல கை பாக்குறோம்" என்பார்கள். கை பார்க்கும் நாட்களில் மதியம் ஒரு துண்டு ரொட்டியும் மிளகாய் விழுதும் மட்டும். கை பிடித்துப்போனால் நீல மேலங்கி தந்து கூலிக்குச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஹனியாவுக்கு இது மூன்றாவது கொட்டகை. முதல் இடத்தில் கை மந்தம் என்றார்கள். இரண்டாவது இடத்தில், இதற்கு முன் எங்கே வேலை செய்தாய் என்று கேட்டார்கள். சொன்னாள்.

"அங்க உன் கையத்தான பாத்தாங்க? அது வேலையா?"

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் பழம் பிரித்திருக்கிறாள். அப்பா தோட்டத்தில், பிறகு கணவன் வீட்டுத் தோட்டத்தில். அதுவும் வேலை இல்லையாம். வேலை என்பது எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளுக்குப் புரியவேயில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

கணவன் குலை வெட்ட ஏறிய மரத்திலிருந்து விழுந்து செத்த பிறகு மகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன் கொடுமைக்காரன் இல்லை; வீட்டில் வாய்கள் அதிகம். பக்கத்து ஊரான நெஃப்தாவிலிருந்து ஒருவர் அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார். பேரன் பேத்தி எடுத்தவர். பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

"பறிப்பு முடியறதுக்குள்ள உனக்குன்னு ஒரு கூலி வந்துட்டா, நான் அந்தாளுக்கு வேற பதில் சொல்லிக்கிறேன் ஹனியா. இல்லன்னா என்னால முடியாதும்மா" என்றான் அண்ணன். தரையைப் பார்த்தபடி சொன்னான். மரங்களில் இப்போது கடைசிக் குலைகள்தாம் இருந்தன.

பக்கத்தில் நீல மேலங்கியோடு கம்ரா நின்றாள். அந்தக் கொட்டகையில் ரொம்ப காலமாக இருப்பவள். கை தன்போக்கில் ஓட, வாய் தன்போக்கில் ஓடும்.

"என்னடி, பழத்துக்கு மாப்பிள்ளை பாக்குறியா? சீக்கிரம் போடு."

ஹனியா லேசாகச் சிரித்தாள். அவசரத்தில் ஒரு பழம் கைநழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. யோசிக்காமல் குனிந்து எடுத்தாள். உதட்டில் ஒற்றி, நெற்றியில் வைத்து, யார் காலும் படாதபடி மேசை ஓரத்தில் உயரமாக வைத்தாள். ரொட்டி விழுந்தாலும் பழம் விழுந்தாலும் அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

"அது என்ன?"

பின்னால் முதலாளி ஹாஜ் லமீன் நின்றிருந்தார்.

"விழுந்துடுச்சு, ஹாஜ்."

"விழுந்தது தெரியுது. வாய்ல எதுக்கு வச்ச? கப்பலேறிப் போற சரக்கு இது. உங்க வீட்டு முற்றமா?"

"அத சரக்குல சேர்க்கல ஹாஜ், தனியாத்தான்..."

"சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரன் பாத்திருந்தா மொத்த லாரியும் திரும்பியிருக்கும். உன் கைய பாத்தாச்சு. போதும். வேற எங்கயாவது அனுபவம் சேத்துட்டு வா."

ஹனியாவுக்குக் கெஞ்ச வேண்டும் என்று தோன்றியது. ஆனால் திருப்பி அனுப்பப்படுவது பழகிப்போயிருந்தது. தலைத்துணியை இறுக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். மகளின் பள்ளிப் பை எந்த வீட்டு ஆணியில் தொங்கும் என்ற ஒரே நினைப்புதான் ஓடியது.

"ஹாஜ்," என்றாள் கம்ரா. குரலை உயர்த்தவில்லை. "வெளிநாட்டுக்காரன் வர்ற அன்னிக்கு மட்டும்தான எங்களுக்குக் கையுறையே தர்றீங்க?"

"நீ உன் வேலையப் பாரு."

"அதத்தான் பாக்குறேன். போன வாரம் ஒருத்தி தும்மினான்னு அனுப்புனீங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தி இடது கைக்காரின்னு. இந்தப் பறிப்புல கை பாத்ததுல ஒருத்திக்காவது மேலங்கி தந்தீங்களா?"

"ஒருத்தியும் தேறல. நான் என்ன செய்ய?"

"தேறாத கைதான் இத்தன பெட்டியையும் ரொப்பியிருக்கு. கூலிக்கு இருந்த எங்கள்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. ஓசியில செய்ய ஆள் இருக்கும்போது காசுக்கு எதுக்கு ஆளுன்னு. நாளைக்கு நான்."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே போயேன்."

மேசைகளில் எல்லாக் கைகளும் நின்றன. ஹனியா பயந்தாள். ஒவ்வொரு கையாக மறுபடி வேலைக்குத் திரும்பும், கம்ரா மட்டும் தனியாக நிற்பாள், அதுவும் தன்னால் என்று நினைத்தாள். இதுவரை அவள் பார்த்ததெல்லாம் அப்படித்தான்.

கம்ரா மேலங்கியை அவிழ்த்து மடிக்காமலே மேசைமேல் போட்டாள். எதிர்வரிசையில் ஒருத்தி அவிழ்த்தாள். அவளுக்கு அடுத்தவள் அழுதுகொண்டே அவிழ்த்தாள். மேலங்கி இல்லாத பெண்கள் வாளிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தார்கள்.

கொட்டகை வாசலில், கதவை ஒட்டிய மணலில் உட்கார்ந்தார்கள். கை பார்ப்பதற்கும் கூலி வேண்டும். அனுப்பியவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும். கம்ரா உள்ளே பார்த்து அதைச் சொன்னாள். ஹாஜ் கைப்பேசியைக் காதில் வைத்தபடி சிரித்தார்.

"வயிறு காய்ஞ்சா தானா எந்திரிப்பீங்க. இந்த ஊர்ல வேலை தேடுற பொம்பளைக்கா பஞ்சம்?"

அவர் சொன்னது பொய்யில்லை. வெயில் ஏறியபோது உப்பு ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு சிறு லாரி புழுதி கிளப்பி வந்து நின்றது. பின்புறம் முழுக்கப் பெண்கள், ஆட்டு மந்தை போல நெருக்கி நின்றபடி. எல்லோரும் புதியவர்கள்.

"வழி விடுங்கடி," என்றான் ஓட்டுநர்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஹனியா மட்டும் எழுந்து லாரிக்கு அருகே போனாள். என்ன சொல்வதென்று தெரியாமலேதான் போனாள். ஓரத்தில் நின்ற ஒல்லியான பெண் முந்திக்கொண்டாள்.

"என்னைத் தடுக்காத அக்கா. எனக்கு வேலை வேணும். வீட்ல மூணு உசுரு."

"எனக்கும் வேணும். இதுக்கு முன்னாடி எங்க கை பாத்தாங்க உனக்கு?"

அந்தப் பெண் இரண்டு கொட்டகைகளின் பெயரைச் சொன்னாள்.

"மேலங்கி தந்தாங்களா?"

அவளுக்குப் பின்னாலிருந்து யாரோ ஒருத்தி கசப்பாகச் சிரித்தாள். "தந்தாங்க, தந்தாங்க. கனவுல."

"இங்கயும் தரமாட்டாங்க," என்றாள் ஹனியா. "நான் சொல்றத நம்ப வேணாம். உள்ள போய்ப் பாக்கணும்னா போங்க, நான் கையப் பிடிச்சு இழுக்கல. நாங்க இங்கதான் உக்காந்திருக்கோம்."

அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. இன்றிரவு அண்ணனிடம் சொல்லவும் ஒன்றுமில்லை. உள்ளே ஹாஜின் கைப்பேசி விடாமல் அடித்தது. மாலைக்குள் துறைமுகம் போக வேண்டிய சரக்கு பாதி பிரிக்கப்படாமல் கிடந்தது. நாளைக்கு வேறொரு லாரி வரலாம். அதற்கடுத்த நாளும்.

ஒல்லியான பெண் கீழே குதித்தாள். கொட்டகைக் கதவையும் மணலில் இருந்தவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மணல் சுடுதா?" என்று கேட்டாள்.

"சுடத்தான் செய்யும்," என்றாள் கம்ரா, நகர்ந்து இடம் விட்டபடி. "உக்காரு. போகப் போகப் பழகிடும்."

அவள் உட்கார்ந்தாள். லாரியிலிருந்து இன்னொருத்தி இறங்கக் கால் வைத்தாள். ஹனியா அவளுக்குக் கை கொடுத்தாள்.